சந்தனம் ஒட்டிய நாடா

கேசட் பழுது பார்க்கிற வேலையை நான் தேடிப் போகவில்லை. கல்யாண வீடுகளுக்கும் திருவிழாக்களுக்கும் மைக் செட் கட்டிக்கொண்டிருந்தவன் நான். ஒரு மழைக்காலத்தில் மூங்கில் கம்பத்திலிருந்து வழுக்கி விழுந்ததில் இடது தோள் இறங்கிவிட்டது. கட்டுப் போட்டு ஆறிய பிறகும் கையைத் தலைக்கு மேலே தூக்க முடியவில்லை. குழாய் ஸ்பீக்கரைத் தூக்க முடியாதவனுக்கு மைக் செட்டில் என்ன வேலை? உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பார்த்தேன். மதுரை டவுன்ஹால் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ரேடியோ கடை வைத்திருந்த பாய் ஒருவர், "ஒரு கைதான் நல்லாருக்கா? நாடா சுத்த ஒரு கை போதும், வா" என்றார். அப்படித்தான் சேர்ந்தேன்.

அதற்கு முன்னால் திருவாதவூரில் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டது, கோயம்புத்தூரில் மில்லில் கொஞ்ச காலம், லாரியில் கிளீனராகக் கொஞ்ச காலம், பம்பாயில் ஒரு தமிழ் ஓட்டலில் தட்டுக் கழுவியது என்று நிறைய இருக்கிறது. எதிலும் நிலைத்ததில்லை. ஒரு ஊரில் ஆறு மாதம் ஆனால் எனக்குக் கால் அரிக்கும். அந்தக் கடையில் மட்டும் ஒன்றரை வருடத்துக்கு மேல் இருந்தேன். அதற்குக் காரணம் வேலையில் பிரியம் இல்லை, தோள் வலிதான்.

பாய்க்கு வருமானம் பாட்டுப் பதிந்து கொடுப்பதில் வந்தது. இரண்டு பெரிய டெக்குகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்றில் பாட்டு ஓடும், மற்றொன்று அதைப் பிடித்துக்கொள்ளும். பழுதுக்கு வருகிற கேசட்டுகள் என் பக்கம் வந்துவிடும். பெரும்பாலும் வெயிலில் செத்தவை. லாரிக்காரர்கள் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். திரும்பி வருவதற்குள் கூடு அப்பளம் மாதிரி வளைந்திருக்கும். மைக் செட்டுக்காரர்கள் கொண்டுவருவதில் திருப்பரங்குன்றத்துத் தேரோட்டப் புழுதி அப்படியே உள்ளே இருக்கும். எறும்பு முட்டை வைத்த கேசட்டுகூட ஒன்று வந்தது. கூட்டைப் பிரித்து, நாடாவை வெளியே எடுத்து, பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்து, அறுந்த இடத்தை ஒட்டி, வேறு கூட்டில் மாற்றி வைக்க வேண்டும். பொறுமை இருந்தால் போதும் என்பார் பாய். எனக்குப் பொறுமை கிடையாது. வேறு போக்கிடமும் கிடையாது.

சாயங்காலம் ஆனால் கண் எரியும். முதுகு பலகை மாதிரி ஆகிவிடும். நாடாவைக் குனிந்து பார்க்கும்போது பாய் சொல்லுவார்: "மூச்சு விடாதப்பா அது மேல. பீடி நாத்தம் ரிகார்டு ஆயிரும்."

ஒரு பங்குனி மாதம், மத்தியானச் சாப்பாடு முடிந்து சந்து முழுக்கக் கிறங்கிக் கிடந்த நேரத்தில் மூன்று பேர் வந்தார்கள். வேட்டி கட்டி, காலில் பட்டாளத்துக் கித்தான் ஷூ போட்ட மீசைக்காரர் ஒருவர். நெற்றியில் பொட்டில்லாத ஒரு அம்மா. கல்யாண வயதில் ஒரு பெண். அந்தப் பெண் இடுப்பில் பிள்ளையைத் தூக்குவதைப் போல எதையோ துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டிருந்தது. எழுமலையிலிருந்து உசிலம்பட்டி வந்து, பஸ் மாறி, நின்றுகொண்டே வந்திருக்கிறார்கள். மூன்று பேர் முகத்திலும் புழுதி.

துண்டைப் பிரித்தால் புத்தம் புதிய டூ இன் ஒன் செட்டு. ரேடியோவும் கேசட்டும் ஒன்றாக இருப்பது. கைப்பிடியில் இன்னும் பாலித்தீன் தாள் ஒட்டியிருந்தது.

"இதைக் கடையில காட்டுனதா வெளிய தெரியக்கூடாது" என்றார் பட்டாளத்துக்காரர்.

"ஏன்ணே, திருட்டுச் சாமானா?" என்றார் பாய்.

"சீர்ச் சாமான் பாய். வைகாசியில இந்தப் புள்ளைக்குக் கல்யாணம். பிரிச்சுப் பாட்டுக் கேட்டோம்னு தெரிஞ்சா, பழசைக் குடுத்து ஏமாத்திட்டாகன்னு மாப்ள வீட்டுல பேசுவாக. அவுக வாய் எம்புட்டு அகலம்னு எனக்குத்தேன் தெரியும்."

செட்டின் மூடி திறக்கவில்லை. உள்ளே ஒரு கேசட் மாட்டிக்கொண்டிருந்தது. நான் கத்தி முனையால் நெம்பித் திறந்தேன். நாடா வெளியே வந்து ரப்பர் உருளையில் முடி சுற்றின மாதிரி சுற்றியிருந்தது. அதெல்லாம் தினமும் பார்ப்பதுதான். ஆனால் உள்ளேயிருந்து கோயில் வாசனை வந்தது. மெதுவாக விடுவித்து எடுத்து மேசைமேல் வைத்தேன். கேசட்டின் இரண்டு பக்கமும் சந்தனம் அப்பியிருந்தது. காய்ந்த சந்தனத்தின் மேல் திரும்பச் சந்தனம், அதன் மேல் குங்குமம், இடுக்குகளில் விபூதி, ஒரு மூலையில் கற்பூரக் கரி. நாடா வெளியே தெரிகிற கீழ்விளிம்பிலும் மூன்று பொட்டு.

"என்னக்கா இது? கேசட்டுக்குப் பொட்டு வச்சிருக்கீக?" என்றேன்.

பட்டாளத்துக்காரர்தான் சொன்னார். அந்த அம்மாவின் வீட்டுக்காரர் இவருக்கு அண்ணன். கிணறு வெட்டுகிற இடத்தில் வெடி தப்பாக வெடித்துச் செத்துப்போனார். அப்போது இந்தப் பெண்ணுக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை. அவருக்குப் போட்டோ என்று ஒன்று கிடையாது. போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று எங்கேயும் நிற்க மாட்டாராம். சாவதற்கு முந்தின வருடம் இவர் ஜம்முவிலிருந்து லீவில் வந்தபோது ஒரு டேப் ரிகார்டர் கொண்டுவந்து, தோட்டத்தில் வைத்து அண்ணனைப் பேசச் சொல்லிப் பதிந்திருக்கிறார். அதுதான் இந்தக் கேசட்.

"திதிக்கு எல்லாரும் போட்டோ வைக்கிறாக. எங்களுக்கு வைக்க என்ன இருக்கு?" என்றார் அந்த அம்மா. "ஆடி அமாவாசை, தை அமாவாசை, திதி அன்னைக்கு. பலகையில இதை வச்சுப் பொட்டு வச்சு, மாலை போட்டு, இலையில படைச்சு, சூடம் காட்டுவோம். அம்புட்டுதேன்."

பாய் அதுவரை சிரிக்கத் தயாராக இருந்தவர், நாற்காலியை இழுத்து அந்த அம்மாவை உட்காரச் சொன்னார். "மவுத்தாப் போனவரு போட்டோ மாதிரியா இது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

வருடக்கணக்காகப் பூசை செய்த அந்தக் கேசட்டை, பதிந்த அன்றைக்குப் பிறகு அவர்கள் போட்டுக் கேட்டதில்லை. டேப் ரிகார்டர் அடுத்த லீவுக்குள் ரிப்பேராகி, பட்டாளத்துக்காரர் அதை எங்கோ விற்றுவிட்டார். ஊரில் ஒன்றிரண்டு வீடுகளில் பிறகு செட்டு வந்திருக்கிறது. ஆனால் அந்த அம்மா கேசட்டை வெளியே கொடுக்கச் சம்மதிக்கவில்லை. எவன் வீட்டு மெஷினாவது விழுங்கிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். ஆகவே அந்தப் பெண் நினைவு தெரிந்து தன் அப்பாவின் குரலை ஒருநாளும் கேட்டதில்லை. சீருக்கு என்று செட்டு வீட்டுக்கு வந்த அன்றைக்கே மகளைக் கேட்க வைத்துவிடலாம் என்று அம்மா கேசட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறார். போட்டதும் தவளை மாதிரி ஒரு சத்தம் வந்து நின்றுவிட்டது.

"நான்தேன் அமுக்குனேன்" என்றது அந்தப் பெண். அதுவரைக்கும் வாயே திறக்கவில்லை. இதைச் சொல்லும்போதும் யாரையும் பார்க்கவில்லை.

"நீ அமுக்குனதுக்கு இல்ல தாயி. சத்தம் வர்ற சாமானுக்குப் பொட்டு வைக்கக்கூடாது. இது சந்தனத்துக்கு நின்னது" என்றேன்.

"எதுக்கோ" என்றார் அம்மா. "மணவறையில உக்காரதுக்கு முன்ன இது தன்னோட அப்பன் சத்தத்தை ஒரு தடவை கேட்டுறணும். அப்புறம் அடுத்த வீட்டுப் புள்ள. நாங் கூப்ட்டா வருமோ வராதோ. நீ எப்படியாச்சும் பாருய்யா."

எப்படியாவது என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அலுப்பு வந்துவிடும். கடைக்கு வருகிற எல்லோரும் அதைத்தான் சொல்லுவார்கள். விட்டுவிட்டு நாளைக்கு வாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். எழுமலையிலிருந்து இன்னொரு தடவை பஸ்ஸில் நின்று வரவேண்டியிருக்கும் என்று நினைத்து விட்டுவிட்டேன். வேலையை எடுத்து முன்னால் வைத்தேன்.

அந்தக் காலத்துக் கேசட்டுக்கு ஸ்க்ரூ கிடையாது, ஒட்டின கூடு. விளிம்பு ஓரமாகக் கத்தியை வைத்துத் தட்டித் தட்டிப் பிளந்தேன். உள்ளே நாடா சுற்றிய இரண்டு சக்கரமும் நான் பயந்த அளவுக்குக் கெட்டுப்போகவில்லை. சூடத்தின் சூட்டில் கூடு லேசாக வளைந்திருந்தது, விபூதி ஓரங்களில் ஏறியிருந்தது. துடைத்தால் போகும். கெட்டது எல்லாம் வெளியே தெரிந்த அந்தக் கொஞ்ச நீள நாடாதான். சந்தனம் நேராக அதன்மேலே விழுந்து, காய்ந்து, வருடக்கணக்கில் கல்லாகியிருந்தது. அதையும் சேர்த்துத்தான் மெஷின் இழுத்து மென்றிருக்கிறது.

கசங்கின இடத்தைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து நகத்தால் நீவினேன். அது ஒரு மாதிரி சரியானது. சந்தனம் இருந்த இடத்தில் ஸ்பிரிட் வைத்தேன். சந்தனம் கரைந்தது, கூடவே நாடாவின் பழுப்பும் வந்துவிட்டது. பஞ்சில் மஞ்சளும் பழுப்புமாக ஒட்டிக்கொண்டு, அந்த இடத்தில் நாடா வெறும் கண்ணாடித் தாளாக நின்றது. குரல் இருப்பது அந்தப் பழுப்பு மாவில்தான். அது போனால் குரலும் போயிற்று. அதற்கு மேல் துடைக்காமல் நிறுத்திவிட்டேன்.

"இந்த இடத்தை வெட்டி எடுத்துட்டுத்தேன் ஒட்டணும்" என்றேன். "ஒரு சாண் வரும். நாலஞ்சு வார்த்தை போகும்."

"எந்த வார்த்தை?" என்றார் அம்மா.

"அது தெரியாதுக்கா. கேசட்டு எந்த எடத்துல நின்னுச்சோ அந்த எடம்."

அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. கடைசியாகக் கேட்டபோது, பேச்சு ஆரம்பிக்கிற இடத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தி வைத்தது அவர்தான். எப்போது போட்டாலும் முதலில் வீட்டுக்காரர் குரலே வரவேண்டும் என்று. அந்த இடத்துக்குத்தான் இத்தனை வருடமாகப் பொட்டு வைத்திருக்கிறார்.

"விடுங்க மதினி. மொதல்ல பேசுனது நான்தேன். ‘அண்ணே, பேசுண்ணே'ன்னேன். எஞ்சத்தந்தான போகுது, போகட்டும். நான்தேன் உசுரோட இருக்கேன்ல" என்றார் பட்டாளத்துக்காரர்.

"ஒங்களுக்கு முந்தி அவரு இருமுனாரு" என்றார் அம்மா.

"இருமலையெல்லாமா மதினி கணக்குல வைப்பீக?"

அந்த அம்மா பஞ்சில் ஒட்டியிருந்த மஞ்சளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "வெட்டு. துண்டை எங்கிட்டக் குடுத்துரு" என்றார். வெட்டிய துண்டைத் தாளில் மடித்துக் கொடுத்தேன். சேலை முந்தியில் முடிந்துகொண்டார். காலிக் கூட்டையும் கேட்டார். சந்தனத்தைத் துடைக்காமல் அப்படியே கொடுக்கச் சொன்னார்.

"அதுல ஒண்ணுமில்லக்கா. வெறும் டப்பா" என்றேன்.

"படையலுக்கு வேணும்ல" என்றார். "குரல் இருக்கிறதுக்குப் பொட்டு வைக்காதன்னு நீதான சொல்ற. அப்பக் குரல் இல்லாததுக்கு வச்சுக்கிறேன்."

நாடாவை ஒட்டி, ஸ்க்ரூ வைத்த புதுக்கூட்டில் மாற்றி, கடை டெக்கில் போட்டேன். அந்தப் பெண் எழுந்து மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

வந்த குரல் ஒரு பையனின் குரல். கீச்சென்று, அவசர அவசரமாக, மழையைப் பற்றியும் கிணற்றுத் தண்ணீரைப் பற்றியும் பேசிக்கொண்டு போனது. பட்டாளத்துக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மதினியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"இது யாரு?" என்றார் அம்மா. "அவரு இல்லய்யா இது. நீ வேற எதையோ மாத்திப் போட்டுட்ட."

பெண் அம்மாவைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. நான் நிறுத்தினேன்.

மைக் செட்டில் இருந்தவனுக்கு இது புரியாமல் போகாது. "அன்னைக்கு ரிகார்டரு எதுல ஓடுச்சுண்ணே? கரண்டா, கட்டையா?" என்றேன்.

"தோட்டத்துல ஏது கரண்டு? பேட்டரிக்கட்டைதேன்."

"புதுக் கட்டையா?"

"ஜம்முல போட்டது. ரயிலு பூராம் பாட்டுக் கேட்டுக்கிட்டே வந்தேன். ஏன்?"

கட்டை தீர்ந்துபோகிற நேரத்தில் பதிந்திருக்கிறார். மோட்டார் சோர்ந்து நாடா மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் குரல் சிறுத்து, வேகமாகத்தான் வரும். அன்றைக்கு அதே கட்டையில், அதே சோர்ந்த மோட்டாரில் போட்டுக் கேட்டதால் அவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. இப்போது அதைச் சரி பண்ண ஒரே வழி, டெக்கின் மோட்டாரை அன்றைக்கு ஓடிய அளவுக்கு மெதுவாக்கி ஓட்டி, அதை இன்னொரு டெக்கில் பிடிப்பது. மோட்டாரின் பின்னால் சின்னத் துளைக்குள் ஒரு ஸ்க்ரூ இருக்கிறது. திருகினால் வேகம் குறையும்.

பாய் வந்து மறித்தார். "அந்த ஸ்க்ரூவைத் தொடாத. பழைய எடத்துக்குக் கொண்டாறது லேசு இல்ல. நாளைக்குப் பாட்டுப் பதிய வர்றவன் பாட்டெல்லாம் சீக்குப் புடிச்சவன் பாடுற மாதிரி இழுக்கும். யாரு பதில் சொல்றது?"

நான் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தேன். வற்புறுத்திப் பேசுகிற தெம்பு எனக்கு இல்லை. பாய் அந்தப் பெண்ணைப் பார்த்தார், செட்டைச் சுற்றிக் கொண்டுவந்த துண்டைப் பார்த்தார். பிறகு மேசை டிராயரைத் திறந்து பெயின்ட் பாட்டிலை எடுத்து நீட்டினார். "மொதல்ல இருக்கிற எடத்துல ஒரு புள்ளி வச்சுக்க. சனியன்."

திருக ஆரம்பித்தேன். குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பையன் வாலிபன் ஆனான், வாலிபன் ஆள் ஆனான். "போதும், போதும், இதுதேன் அண்ணன்" என்று பட்டாளத்துக்காரர் கையைத் தூக்கினார்.

"இல்ல. இன்னும் எறக்கு" என்றார் அம்மா.

இறக்கினேன்.

"மதினி, இதென்ன எருமைக் குரலு? அண்ணனுக்கு இம்புட்டுக் கட்டைக் குரலா?"

"நீங்க வருசத்துக்கு ஒருக்கா லீவுல வந்து கேட்டவுக. நான் தெனம் கேட்டவ."

"நான் பொறந்ததுலருந்து கேட்டவன்."

"அப்ப அவருக்கு மீசை மொளைச்சிருக்காது."

நான் ஸ்க்ரூவை ஏற்றினேன், இறக்கினேன். ஒரே வாக்கியத்தை எத்தனை தடவை ஓட்டினேன் என்று தெரியாது. மழை இல்லை, மழை இல்லை என்று அந்த மனிதர் சொல்லிக்கொண்டே இருந்தார். தோள் வலிக்க ஆரம்பித்தது. செத்தவர் குரல் இந்த இடத்தில்தான் இருந்தது என்று யார் சாட்சி சொல்வது? பட்டாளத்துக்காரரின் குரலாவது நாடாவில் இருந்தால் அதை வைத்துப் பொருத்தலாம். அது நான் வெட்டின துண்டோடு போய்விட்டது.

"சண்டை போடாதீக" என்றது அந்தப் பெண். "எனக்கு ரெண்டுமே புதுசுதேன்."

இரண்டு பேரும் அடங்கினார்கள்.

அலுப்பில் நிறுத்தாமல் விட்டுவிட்டேன். நாடா ஓடி முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் தூரத்திலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "அதுக்கு ஒறக்கம் வருது, விடுங்க. சோறு ஆறுது, வாங்க."

"இது யாரு?" என்றேன். பட்டாளத்துக்காரர் விரலை நீட்டினார்.

"நானா? நான் இப்படியா கிளி மாதிரி கத்துவேன்?" என்றார் அம்மா.

அப்போதுதான் எனக்குப் பிடி கிடைத்தது. செத்தவர் குரலுக்குச் சாட்சி இல்லை. இவர் குரல் இங்கேயே உட்கார்ந்திருக்கிறது. இதைப் பொருத்திவிட்டால் அதுவும் அதன் இடத்துக்கு வந்துவிடும். "அக்கா, அதே வார்த்தையை இப்பச் சொல்லுங்க" என்றேன்.

"எதுக்கு?"

"சொல்லுங்க. அதை வச்சுத்தேன் திருகணும்."

அந்த அம்மாவுக்கு வெட்கம். சந்தில் போகிறவர்களைப் பார்த்தார். "சொல்லுங்க மதினி. சோறு ஆறுதுன்னு சொல்றது ஒங்களுக்கு என்ன புதுசா?" என்றார் கொழுந்தனார். அம்மா பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் ஒப்பிப்பது மாதிரி ஒரே மூச்சில் சொன்னார். அது உதவவில்லை.

"இப்படி இல்லக்கா. அன்னைக்குச் சொன்ன மாதிரி. அவரு தோட்டத்துல இருக்காரு, நீங்க அடுப்படியில இருக்கீக."

அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். எங்கள் பக்கம் முதுகைத் திருப்பி, ரேடியோக்கள் அடுக்கியிருந்த சுவரைப் பார்த்து நின்றார். பிறகு குரல் எடுத்துச் சொன்னார்: "அதுக்கு ஒறக்கம் வருது, விடுங்க. சோறு ஆறுது, வாங்க." கடைக்கு வெளியே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவர் ஒருவர் நின்று உள்ளே பார்த்தார். பாய் அவரைப் போகும்படி கையைக் காட்டினார்.

அம்மா இன்னும் சில தடவை சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் சுவரைப் பார்த்தேதான் சொன்னார். நான் நாடாவைத் திருப்பித் திருப்பி ஓட்டி, இரண்டு குரலும் ஒன்றின்மேல் ஒன்று உட்காரும்வரை திருகினேன். இடையில் இத்தனை வருடம் போயிருக்கிறது. வயதுக்கு ஒரு குரல் எவ்வளவு இறங்கும் என்பது எனக்குத் தெரியாது. அதற்காக வேகத்தை ஒரு நூல் அளவு ஏற்றி வைத்தேன். அந்த இடம் மதினி சொன்ன இடத்துக்கும் கொழுந்தனார் சொன்ன இடத்துக்கும் நடுவில் எங்கேயோ இருந்தது. இரண்டு பேருக்கும் முழுத் திருப்தி இல்லை. ஆனால் இந்தத் தடவை யாரும் மறுக்கவில்லை.

புதுக் கேசட்டை இரண்டாவது டெக்கில் போட்டுப் பதிகிற பொத்தானை அமுக்கினேன். பிறகு முதல் டெக்கை ஓடவிட்டேன். எல்லோரும் பேசாமல் இருக்கவேண்டியிருந்தது, பாய் மின்விசிறியைக்கூட நிறுத்தினார். பெண் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றது.

"...என்னத்தடா பேச? ஓடுதா? ஓடுதா இது? ம். மழை இல்ல. கெணத்துல தண்ணி கெடக்கு, ஆனா பத்தாது. இந்த வருசம் பருத்தி போடலாம்னு இருக்கேன். ஆடு ரெண்டு குட்டி போட்டுருக்கு..." ஏதோ தாலுகா ஆபீஸில் அதிகாரியிடம் சொல்வதைப் போல அவர் சொல்லிக்கொண்டு போனார். பிறகு ஏதோ உரசுகிற சத்தம். குரல் பக்கத்தில் வந்தது. "பாப்பா, இங்க வா. இந்தா, இதுக்குள்ள சொல்லு. அப்பான்னு சொல்லு. சொல்லு. சித்தப்பா பட்டாளத்துக்குக் கொண்டுபோயி எல்லாருக்கும் போட்டுக் காட்டுவான். சொல்லு தாயி."

பதில் எதுவும் இல்லை. நாடாவின் இரைச்சல் மட்டும் ஓடியது. "சொல்ல மாட்டியா?" என்றார் அவர். சிரிக்கிற மாதிரி இருந்தது. பிறகு அம்மாவின் குரல், சோறு ஆறுது. "வாரேன், வாரேன். போ." அதோடு நின்றது.

"இம்புட்டுதானா?" என்றது பெண்.

"இம்புட்டுதேன். பேசுற ஆளா அவரு?" என்றார் பட்டாளத்துக்காரர்.

புதுக் கேசட்டை அவர்களுடைய செட்டில் போட்டுச் சரிபார்த்தேன். உருளையில் இருந்த சந்தனத்தைத் துடைத்து, பாலித்தீன் தாளைப் பழையபடி இழுத்து ஒட்டினேன். பெண் இன்னொரு தடவை போடச் சொன்னது. போட்டேன். முடிந்ததும் அது அம்மாவிடம் கேட்டது:

"நான் ஏன் சொல்லல?"

"ஒனக்கு அப்பப் பேச்சே வரல. எல்லாப் புள்ளைகளும் பேசுது, நீ மட்டும் ஊமையாத் திரிஞ்ச."

"அப்புறம் சொன்னனா? அவரு இருக்கையில?"

அம்மா துண்டை உதறி செட்டின்மேல் போர்த்தினார். நான்கு மூலையையும் இழுத்து முடிச்சுப் போட்டார். போட்டுவிட்டு, "சொன்ன" என்றார். "அம்மான்னு சொல்றதுக்கு முந்தி அதைத்தேன் சொன்ன. சாயங்காலம் அவரு தலை தெரிஞ்சாப் போதும், சொல்லிக்கிட்டே ஓடுவ."

அன்று முழுக்க மதினி சொன்ன எல்லாவற்றுக்கும் ஒரு மறுப்பு வைத்திருந்த பட்டாளத்துக்காரர் இதற்கு ஒன்றும் சொல்லவில்லை. ஷூக் கயிற்றைக் குனிந்து கட்டிக்கொண்டிருந்தார். பெண் அவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றது. அவர் நிமிர்ந்தபோது, "ஆமா, ஓடுவ" என்று சொல்லிவிட்டு, செட்டைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வெயிலில் இறங்கினார்.